கவுன்டருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பேர் ரேணு

பிறப்புச் சான்றிதழில் ரெங்கநாயகி. அப்பாயியின் பேர். அவர் செத்த வருஷம் நான் பிறந்தேன், அதனால அப்பா வேற பேர் யோசிக்கவே இல்ல. கண்டி டவுனில் ஒரு லீசிங் கொம்பனியின் அடகுப் பிரிவில் வேலை கிடைத்து முதல் நாள் போனபோது, எச்.ஆர். மிஸ் அந்தப் பேரை மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, "ஷோர்ட் நேம் ஒண்ணும் இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை பேட்ஜ் வந்தது: சிங்களத்திலும் இங்கிலீஷிலும் ரேணு. சிங்களப் பிள்ளைகளுக்கும் ரேணுகா என்று பேர் இருப்பதால் யாருக்கும் நாக்கு சிக்காது.

இந்த வருஷம் எங்களுக்கு ஒரு டிரெயினிங் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர், "வேலைக்கு வரும்போது உங்களைப் பாதியா கொண்டு வராதீங்க, முழுசா கொண்டு வாங்க" என்றார். ஆளுக்கொரு மஞ்சள் துண்டு கொடுத்து, உங்களைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை எழுதி ஒட்டச் சொன்னார். ஒருத்தர் பல்லிக்குப் பயம் என்று எழுதினார். இன்னொருத்தர் பாத்ரூமில் நல்லாப் பாடுவாராம். நான், "நான் நல்லா ரொட்டி சுடுவேன்" என்று எழுதினேன். கைதட்டினார்கள். அதுவும் உண்மைதான், கட்டசம்பலோட வந்தா யாருக்கும் நிரூபிச்சுக் காட்டுவேன்.

ஆனா எங்க ஒபிசில் யாருக்கும் தெரியாத விஷயம் என்று ஒன்று என்னிடம் இல்லை. நான் தமிழ் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்ததை எவ்வளவு சத்தமாகத் தெரிய விடுகிறேன் என்பதுதான் என் தினசரி வேலை.

இதற்கு ஒரு பேர் இருக்கு என்று பிறகுதான் தெரிந்தது. எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் எழுதிய ஒரு புத்தகத்தில், ஒளிக்கிறது வேற, மூடிக்கிறது வேற என்று பிரிக்கிறார். அவர் தருகிற உதாரணம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அவருக்குக் கால் நடக்க வராது, சக்கர நாற்காலிதான். அது கூட வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆலோசகர்கள் அறைக்குள் வருவதற்கு முந்தியே மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாராம். யாரையும் ஏமாத்துறதுக்கு இல்ல. பார்க்கிறவங்க கண்ணுக்கு அது முதலில் படக்கூடாது, அவ்வளவுதான். பிறகு கென்ஜி யோஷினோ என்ற சட்டப் பேராசிரியர் 2006இல் இந்த ஒரு சொல்லை வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

அமெரிக்க ஜனாதிபதியும் எங்க அம்மாவும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா அம்பிட்டிய சந்தியில் பஸ் ஏறும்போது, முந்தானை நுனியால் பொட்டை லேசாகத் துடைப்பார். முழுக்க அழிக்க மாட்டார். பெரிய பொட்டு சின்னப் பொட்டாகும், அவ்வளவுதான். 1983 ஜூலையில் அவருக்கு 12 வயசு. கண்டியிலும் தமிழ்க் கடைகள் எரிந்த நாட்கள். அம்மாயி அவர் நெற்றியையும் தன் நெற்றியையும் எச்சில் தொட்டு அழித்தது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம். அந்த நாட்களில் ஆட்களை நிறுத்தி, வாளியைக் காட்டி சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள் என்பது இந்த நாட்டுத் தமிழர் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. சிங்களத்தில் அது 'பால்திய'. அதன் முதல் எழுத்தைத் தமிழர் நாக்கு சரியாகச் சொல்லாது என்று கணக்கு. இதில் ஒரு கொடுமை என்னவென்றால் அந்த எழுத்தைத் தமிழில் எழுதிக் காட்டவும் ஏலாது, எங்களிடம் ஒரே 'ப'தான்.

ஆக, "நீ நீயா இரு" என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் வருகிற கேள்வி, இருந்தா என்ன ஆகும் என்பதுதான். இப்ப யாரும் கடையை எரிக்கப் போறதில்ல. என் சிங்களத்தில் எழுத்து எதுவும் தடுக்காது, பால்தியவெல்லாம் தண்ணி பட்ட பாடு. அதனால எனக்குக் கிடைக்கிறது பாராட்டு. "ஒயா தெமள வகே நேனே" என்பார்கள். உன்னைப் பார்த்தா தமிழ் மாதிரியே இல்லையே. அன்பாகத்தான் சொல்வார்கள். டீ குடிக்கிற நேரத்தில், பணிஸை ரெண்டாப் பிட்டுக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்வார்கள். அதற்கு நன்றி சொல்வதா, என்ன சொல்வது?

சிங்கள ஆட்கள் மட்டும்தான் இப்படி என்று எழுதினால் அது பொய். எங்கள் இன்னொரு கிளையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர், ஒரு நாள் போனில் பேசி முடித்துவிட்டு, "நீங்கள் கதைக்கேக்க தோட்டப் பக்கம் எண்டு தெரியவே இல்லை" என்றார். அதே பாராட்டு, தமிழில். அவரோடு நான் பேசினது எங்க வீட்டுத் தமிழ் இல்லை, ரேடியோவில் கேட்டுப் பழகின தமிழ். எங்க வீட்டில் 'கதைக்கிறது' இல்லை, 'பேசுறது'. 'அங்கை' இல்லை, 'அங்கிட்டு'. ஆக எனக்கு வேலையிடத்தில் ரெண்டு மூடி. சிங்களம் பேசும்போது தமிழை மூடணும். தமிழ் பேசும்போது லயத்தை மூடணும்.

"ஊர் எது?" என்று கேட்டால் அம்பிட்டிய என்று சொல்வேன். அது பொய்யில்லை. என் ஒன்பதாவது வயசில் அப்பாவுக்கு டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை கிடைத்து, அம்பிட்டியவில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து வந்தோம். இன்னும் அங்கேதான். அதற்கு முந்தி இருந்தது தலாத்துஓயாவுக்கு அங்கிட்டு ஒரு தோட்டம். அந்த ரோட்டிலேயே இன்னும் மேலே போனால் லூல்கந்துர. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். தேயிலைக்கு ஊர் உண்டு, வருஷம் உண்டு, டெயிலருக்குச் சிலையும் உண்டு. எங்க லயத்துக் காம்பராவுக்கு முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துப் பேருக்கு வரும், ஒபிசில் கிடக்கும், யாராவது எடுத்து வந்தால் உண்டு. இந்த முகவரி விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், கீழே அது வரும்.

அம்பிட்டிய பற்றிக் கொஞ்சம் சொல்லணும். தெரிந்தவர்களுக்கு அம்பிட்டிய என்றால் குருமடம். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துத் தொடங்கின இடம். 1955இல் அதை இந்தியாவில் புனேக்குக் கொண்டு போனார்கள், இலங்கைக்கான குருமடம் இங்கேயே நடக்கிறது. அந்தக் காலத்தில் மலையாளி, தமிழர், கொங்கணி, சிங்களவர் என்று எல்லா இடத்துப் பையன்களும் அங்கே வந்து தங்கிப் படித்தார்கள். பாடம் நடந்தது லத்தீனில். பஸ்ஸில் அந்த மதிலைக் கடக்கும்போது நான் சில நாள் யோசிப்பேன்: வாசலில் எல்லாரும் அவங்கவங்க பாஷையைக் கழட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். ஆனா எல்லாரும் கழட்டினார்கள். ஒருத்தருக்கு மட்டும் அது வீட்டுப் பாஷையாக இருக்கவில்லை. இதை ஒரு நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை, பதினாறு வயசுப் பையன் லத்தீனில் பசிக்குது என்று சொல்ல என்ன பாடுபட்டிருப்பான். எங்க ஒபிஸ் அப்படி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். அங்கே சிலர் வீட்டிலிருந்து வந்தபடியே உட்காரலாம். சிலருக்கு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உடுப்பு மாத்த வேண்டியிருக்கு.

உடுப்பு என்றதும் என் பக்கத்துக் கவுன்டர் அக்காவைச் சொல்லாமல் விட ஏலாது. அக்குறணையிலிருந்து வருகிற முஸ்லிம் அக்கா. தாய்மொழி தமிழ். இந்த மூடிக்கிற கதையை ஒரு நாள் சாப்பாட்டு நேரம் அவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்கு பொட்ட அழிச்சா சரி தங்கச்சி. நான் இதக் கழட்டினா நானில்லயே" என்றார். 2018 மார்ச்சில் திகன பக்கம் பற்றி எரிந்தபோதும் அவர் தலைத்துணியோடுதான் பஸ்ஸில் போய் வந்தார். 2019 மே கடைசியில், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் உடுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு வந்ததும் மாற்றினார்கள். எங்கள் கொம்பனி அரச அலுவலகம் இல்லை, ஆனாலும் அந்த நாட்களில் கவுன்டருக்கு வந்த சிலர் அவரைத் தாண்டிப் போய் அடுத்த வரிசையில் நின்றார்கள் என்றார். நாங்கள் மட்டும் யோக்கியமா? 2018இல் திருகோணமலையில் ஒரு இந்து மகளிர் கல்லூரி வாசலில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்தி வரக்கூடாது என்று போராட்டம் நடந்தது. நின்று கோஷம் போட்டவர்கள் தமிழ் ஆட்கள்.

சரி, இப்ப நான் சொல்ல வந்த விஷயம்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, எழுபது வயசு இருக்கும், ஒரு பெரியவர் வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் என்று பிறகு சொன்னார். சொப்பிங் பேக்கில் மடித்து வைத்த ஒரு கடிதம். மூன்றாவது கவுன்டரில் நின்று, "மஹத்தயா, விக்குனாத?" என்று கேட்டார். வித்தாச்சா என்று. அங்கே இருந்த சகோதரர் சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு மளமளவென்று சிங்களத்தில் வட்டி, திகதி, ஏலம் என்று விளக்கினார். அவர் ஒழுங்காகத்தான் விளக்கினார். பெரியவர் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டு எனக்குத் தெரியும். அப்பா அரசாங்க ஒபிஸ்களில் ஆட்டுவார். ஒன்றும் விளங்கவில்லை என்று அர்த்தம்.

"என்ன தாத்தா, இங்கிட்டு வாங்க, உக்காருங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வீட்டுத் தமிழ் அப்படியே வந்தது, ஒபிஸ் முழுக்கக் கேட்கிற சத்தத்தில்.

மூன்றாவது கவுன்டர்காரர் எழும்பி நின்றார். "ஒயாகே தாத்தாத?" என்று மரியாதையாகக் கேட்டார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. என் அப்பா வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட வந்திருக்கிறார் மனுஷன்! எங்களுக்குத் தாத்தா என்றால் உங்க சீயா, ஆனா இவர் என் சீயாவும் இல்லை என்று விளக்கி முடிக்கிறதுக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரியவரும் எதுக்கென்று தெரியாமல் சிரித்தார்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. ஏல அறிவித்தல். தோட்டத்து ஒபிசில் ரெண்டு கிழமைக்கு மேல் கிடந்துவிட்டு அவர் கைக்கு வந்திருக்கு. வாசித்துச் சொன்ன யாரோ, நகை போயிடுச்சு என்று சொல்லிவிட்டார்களாம். வித்தது போக மிச்சக் காசு ஏதும் கிடைக்குமா என்று கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். நகை, மகளின் தாலிச் சங்கிலி. நான் திகதியைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கலாம். அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பி மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க நம்ம ஆளா?" என்று கேட்டார்.

"ஆமா தாத்தா. தலாத்துஓயாவுக்கு அங்கிட்டு" என்று தோட்டத்தின் பேரைச் சொன்னேன். அந்த ஒபிசுக்குள் அந்தப் பேரை நான் சொன்னது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு ஒன்றும் குடிமூழ்கவில்லை. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. நடந்தது வேறு. தோட்டத்தில் செய்தி பரவ போன் தேவையில்லை. சம்பளம் போட்ட சனி ஞாயிறுக்குப் பிறகு வருகிற திங்கட்கிழமைகளில், "அந்தத் தமிழ்ப் புள்ள எங்க?" என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மெனேஜருக்குச் சந்தோஷம். மற்றக் கவுன்டர்களுக்கும் சந்தோஷம், தமிழ் ஆள் யார் வந்தாலும் "நங்கிய கூப்பிடு" என்று ஆனது. நான் எழும்பிப் போய் இருபது நிமிஷம் விளக்குவேன். விளக்கி முடிந்ததும் அந்தக் கவுன்டர்காரர் தன் லொகினில் பதிவு போடுவார். டாகெட் அவருக்கு.

மாத முடிவில் பட்டியலில் நான்தான் கடைசி. "நங்கி இப்ப கொஞ்சம் ஸ்லோ" என்றார் மெனேஜர்.

இதை எந்த டிரெயினிங்கிலும் சொல்வதில்லை. உன்னை முழுசாகக் கொண்டு வா என்பார்கள். கொண்டு வந்த பிறகு, அந்தக் கூடுதல் பாதிக்கும் வேலை வைப்பார்கள், சம்பளம் பழைய பாதிக்குத்தான். ரேணுவுக்கு டாகெட் உண்டு, கொமிஷன் உண்டு. ரெங்கநாயகி செய்கிறது சேவை. அன்பு. நல்ல மனசு. நல்ல மனசுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

அரச துறையில் இதற்கு ஒரு ஏற்பாடாவது இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது எல்லாருக்கும் தெரியும். 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியானது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச வேலைக்குச் சேர்கிறவர்கள் ஐந்து வருஷத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்று கண்டியில் ஏதாவது ஒரு கந்தோருக்குத் தமிழில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் காகிதத்தில், இன்னொரு மொழி பேசுவது அங்கே ஒரு தகுதி. தனியார் கொம்பனியில் அது என் பிறவிக் குணம் மாதிரி, சுருட்டை முடி மாதிரி.

நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். திகதி, எந்தக் கவுன்டர், எத்தனை நிமிஷம், அடகா மீட்பா புதுப்பிப்பா, யார் லொகினில் போனது. ஆறு கிழமையில் 71 பேர். அதைக் கொண்டு போய் மெனேஜர் மேசையில் வைத்தேன். கை நடுங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "சேர், நான் ஸ்லோ இல்ல. நான் ரெண்டு வேலை செய்றேன்" என்று சிங்களத்தில் சொன்னேன், நல்ல சிங்களத்தில். மூடிப் பழகினதால் வந்த பாஷை அன்றைக்கு உதவியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கொப்பியை அரை மணி நேரம் பார்த்தார். நியாயமான மனுஷன். இந்த எண்ணிக்கையை யாரும் கேட்டதும் இல்லை, சிஸ்டத்தில் அதற்குக் கட்டமும் இல்லை என்றார்.

அந்தக் கொப்பிக்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிருக்கு. ஒபிசுக்கு என்னை முழுசாகக் கொண்டு போக எனக்கு விருப்பமே இல்லை. என் காதல், என் சாமி, அப்பாவின் கடன், நான் ராத்திரி எதுக்கு அழுதேன் என்பதெல்லாம் கொம்பனிக்கு எதுக்கு? அதையெல்லாம் அம்பிட்டியவிலேயே வைத்துவிட்டுப் போவது என் உரிமை. அதை ஒளிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். நானாக வைத்துவிட்டுப் போவது ஒரு கணக்கு. பேர், பேச்சு, ஊர் இந்த மூன்றையும் வாசலில் கழட்டச் சொல்வது இன்னொரு கணக்கு. மஞ்சள் துண்டில் முதல் கணக்கைத்தான் கேட்கிறார்கள். ரெண்டாவதைக் கேட்கிற துண்டு இன்னும் அச்சாகவில்லை.

இப்போதைக்கு, நான் விளக்கிக் கொடுக்கிற ஒவ்வொரு பதிவிலும் பாதி எனக்கு, பாதி கவுன்டர்காரருக்கு என்று மூன்று மாதப் பரீட்சார்த்தமாக வைத்திருக்கிறார்கள். மூன்றாவது கவுன்டர்காரருக்கு முதலில் கோபம். பிறகு அவரே கொப்பியில் ஒப்பம் வைக்கிறார், சில நாள் நான் மறந்ததை ஞாபகப்படுத்துகிறார். அக்குறணை அக்காவும் ஒரு கொப்பி போட்டிருக்கிறார், அவரும் தமிழ்தானே விளக்குகிறார், இத்தனை வருஷமாக. ஏல அறிவித்தலைத் தமிழிலும் அனுப்பக் கேட்டு மெனேஜர் கொழும்புக்கு எழுதினார். படிவம் எல்லாக் கிளைக்கும் ஒன்றுதான், தனியாக மாற்ற ஏலாது என்று பதில் வந்தது. திரும்ப எழுதியிருக்கிறோம். அதுவரைக்கும், தோட்ட முகவரிக்குக் கடிதம் போகிற அன்றைக்கே நான் போன் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். அதுவும் கொப்பியில் ஏறுகிறது, தனிப் பக்கத்தில், சிவப்புப் பேனையில். மூன்று மாதம் வருகிற மாதம் 15ஆம் திகதி முடிகிறது.